எங்கள் வீட்டு டிரைவர்

"டிரைவர் சரியில்லை, அம்மா" என்றேன்.

"நம்மிடம் காரே கிடையாதே, டிரைவர் எங்கிருந்து வந்தான்?" என்றாள் அம்மா.

அம்மா கேட்டதில் தவறில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு வரை நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். பத்திரிகைக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறேனே தவிர, எழுதுகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவள் அல்ல.

அப்பா காலமாகி ஒரு வருஷம் நிறைய இருந்தது. 2016-ல் அவர் வாங்கிய லாப்டாப் அவர் மேஜை மீதே இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. பதினொன்றுக்கு மாற அந்தப் பழைய பெட்டிக்குத் தகுதி போதவில்லை. விடுமுறைக்கு வந்த அண்ணா பிள்ளை, "தூக்கிப் போடாதே, அத்தை" என்று உபுண்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினான்.

அதில் பன்னிரண்டு நிமிஷ வீடியோ ஒன்று இருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதை அண்ணா ஃபோனில் எடுத்தது. வருஷாப்திகத்துக்கு எல்லோரும் வரும்போது காட்டலாம் என்று போட்டுப் பார்த்தேன். என்ன சொல்வேன்! அப்பாவின் கை பாதியில் நின்றது. வாயசைவு முன்னே போக, பேச்சு பின்னே வந்தது. உள்ளே விசிறி ஓவென்று இரைந்தது.

"முப்பத்தைந்து வருஷம் வகுப்பிலே பாடம் சொன்னவர். ஒரு நாள் திக்கிப் பேசினதில்லை. நிறுத்திடு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

"ஃபோனிலேயே பார்த்தால் என்ன?" என்பீர்கள். அம்மாவின் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் அப்பா எறும்பாகத்தான் தெரிவார்.

அன்று ராத்திரி மருமானைக் கூப்பிட்டேன். அவன் சொன்னதை அடுக்களை பாஷையில் சொல்கிறேன். அந்த வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் சுமார் 83 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 30 படங்கள் என்றால் 25 கோடிப் புள்ளிகள்! இடத்தை மிச்சம் பிடிக்க அவற்றை எச்.265 என்ற முறையில் சுருக்கி வைத்திருக்கிறது. விரித்துக் காட்ட, இன்டெல் சில்லுக்குள்ளேயே கிராபிக்ஸ் என்று தனிப் பகுதி உண்டு. அதை வேலை வாங்கத் தெரிந்த புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். டிரைவர் வராவிட்டால் எல்லாப் பாரமும் பொதுவேலை பார்க்கும் பிராசஸர் தலையில். கிரைண்டர் மூலையில் சும்மா இருக்க, ஆட்டுக்கல்லில் நாலு படி அரிசி அரைத்த கதை!

அவன் சொன்ன கட்டளையைத் தட்டினேன். திரையில் 'எல்எல்விஎம்பைப்' என்று பதில் வந்தது. "ஆட்டுக்கல்லேதான், அத்தை!" என்றான்.

காரணமும் அவனேதான். லினக்ஸைப் போடும்போது திரை கறுத்ததாம். தொடக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துச் சமாளித்தானாம், எடுக்க மறந்துவிட்டான். அந்தச் சொல் இருக்கிறவரை கிராபிக்ஸ் டிரைவருக்கு வாசற்கதவு திறக்காது.

"எடுத்தால் மறுபடி கறுத்துப் போனால்?" எனக்கு நெஞ்சு படபடத்தது. அப்பாவின் பெட்டி அல்லவா? முதல் காரியமாக வீடியோவை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்தேன்.

"பயப்படாதே. இந்த ஒரு தடவைக்கு மட்டும் எடுத்துப் பார். சரிப்படாவிட்டால் அணைத்துப் போடு, பழையபடி வந்துவிடும்" என்றான்.

பெட்டியை ஏற்றும்போது எஸ்கேப் விசையைத் தட்டினேன். 'க்ரப்' என்ற பட்டியல் வந்தது. 'இ' விசையை அழுத்தி, அந்த ஒரு சொல்லை அழித்து, எஃப்10-ஐ அமுக்கினேன். திரை கறுத்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நாலு எண்ணுவதற்குள் அப்பா வைத்திருந்த கோவில் குளத்துப் படம் பளிச்சென்று வந்தது!

பிறகு க்ரப் அமைப்புக் கோப்பிலும் அதை நீக்கினேன். இல்லாவிட்டால் அடுத்த தடவை திரும்பி வந்துவிடும். 'வி.ஏ.இன்ஃபோ' என்று கேட்டதற்கு எச்.265 விரிக்கத் தெரியும் என்று இன்டெல் டிரைவர் பதில் சொல்லிற்று. நான் வைத்திருக்கும் எம்.பி.வி. புரோகிராமில் மட்டும் கன்ட்ரோலையும் 'எச்'சையும் சேர்த்து அழுத்தி வேலையைக் கிராபிக்ஸிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

உங்கள் லாப்டாப்பில் என்விடியா கிராபிக்ஸும் இருந்தால், உபுண்டுவில் கூடுதல் டிரைவர்கள் என்ற ஜன்னலைத் திறந்து, அது சிபாரிசு செய்வதைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ட இடத்திலிருந்து இறக்காதீர்கள்.

மறுநாள் காலையில் அம்மாவை உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். விசிறிச் சத்தமே இல்லை. அப்பா தங்குதடையின்றிக் கதை சொன்னார். நடுவில் உள்பக்கம் திரும்பி, "ஏண்டி, அடுப்பிலே பாலா? பொங்கற வாசனை வரதே!" என்றார்.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு" என்றாள் அம்மா, திரையைப் பார்த்தபடியே.

நான் மெள்ள எழுந்து அடுக்களைக்குப் போனேன். பால் நிஜமாகவே பொங்கிக்கொண்டிருந்தது.