277 பேர் கல்வெட்டில் இருக்கிறார்கள்... பூட்ஸுக்குத் தோல் கொடுத்தவர்கள் எங்கே?

வேலூர் லாங் பஜாரில் எந்நேரமும் கூட்டம்தான். அந்த நெரிசலுக்கு நடுவே நிற்கிறது பழைய மணிக்கூண்டு. மணி பார்க்க நிமிர்பவர்கள்கூட அதிலிருக்கும் கல்வெட்டைக் கவனிப்பதில்லை. 1914-18 பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது.

முதல் உலகப்போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் 10 லட்சம் பேருக்கும் மேல். பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா எனப் போனவர்களில் சுமார் 74,000 பேர் திரும்பவில்லை.

ஆனால், சாம்ராஜ்யம் ஆட்களை மட்டும் கேட்கவில்லை. அவர்களின் காலுக்கு பூட்ஸும் கேட்டது. பதுங்குகுழிச் சேற்றில் பூட்ஸ் எத்தனை நாள் தாங்கும்? பூட்ஸின் மேல்பகுதிக்கு ஏற்ற தோல் சென்னை மாகாணத்தில் கிடைத்தது. ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் கொடுத்துப் பதப்படுத்திய மாட்டுத்தோல். வியாபாரிகள் அதை 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்றார்கள். ஆம்பூர், வாணியம்பாடி என பாலாற்றங்கரை ஊர்கள் கைதேர்ந்திருந்த தொழில் இது.

1916-ல் இந்தத் தோல் கொள்முதலை பிரிட்டிஷ் போர்த்துறை தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1917-ல் போர்த் தளவாடங்களுக்காகவே இந்திய அரசு ஒரு வாரியம் அமைத்தது. அதுவரை லண்டன் சந்தையைப் பார்த்து விற்ற தொழில், ராணுவத்தின் தேவைக்காக ஓடத் தொடங்கியது.

போர் முடிந்ததும் அந்த ராணுவக் கொள்முதலும் முடிந்தது. உள்ளூர் தொழிலைக் காக்க, 1919-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவிகித வரி போட்டார்கள். அதிலும் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே பதப்படுத்தினால் 10 சதவிகிதம் தள்ளுபடி!

போருக்குப் போனவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. வெயிலில் ஆவாரம் பட்டை உரித்தவர்கள், சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்கள், அந்த நாற்றத்தோடு வீடு திரும்பி ஊரின் ஒதுக்கலையும் சுமந்தவர்கள்... இவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. அவர்களும் அதே போருக்குத்தான் உழைத்தார்கள்.

இன்று ஆம்பூர் ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. காலையில் தொழிற்சாலை வேன்களில் ஏறுபவர்களில் பெண்கள் ஏராளம். அடுத்த முறை பிரியாணிக்காக ஆம்பூரில் வண்டியை நிறுத்தும்போது, அந்த வேன்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். கல்வெட்டில் இடம்பெறாத அந்த வரிசை இன்னும் நீள்கிறது.