வைத்திருப்பது வேறு, பேணுவது வேறு

பினாங்கு என்றதும் நம்மில் பலருக்குத் தீவுதான் நினைவுக்கு வரும். பெருநிலக் கரையில் இருக்கும் பாகான் டாலாமைப் பெர்ரிக்குப் போகும் அவசரத்தில் கடந்துவிடுகிறோம். ‘பாகான்’ என்றால் படகுத்துறை, ‘டாலாம்’ என்றால் உட்புறம். பட்டர்வொர்த் என்ற பெயர் ஓர் ஆங்கிலேய கவர்னருடையது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த ஊர் இன்றும் பாகான்தான். துறைமுகம், ரயில் நிலையம், பெர்ரி முனையம் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால், அங்கெல்லாம் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் வேரூன்றின.

ஒரு சனிக்கிழமை காலை நான் அங்கே போனபோது மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஸ்பானிஷ் மொழி படிக்கும் அலுவலகத் தோழி கேட்ட கேள்வி அது. ஒரு பொருளை எடுத்து வைத்தால் ‘குவார்தார்’. கெட்டுப்போகாமல் வைத்தால் ‘கொன்செர்வார்’. இயங்கும் நிலையிலேயே வைத்திருந்தால் ‘மான்தெனேர்’. இந்தக் கடைசிச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கையில் பிடித்திருப்பது என்று பொருள். “தமிழில் எல்லாமே ‘வைத்திருப்பது’தானா?” என்று கேட்டார். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சேமிக்கிறோம், காக்கிறோம், பராமரிக்கிறோம், பேணுகிறோம். எதற்கு எந்தச் சொல் என்பதில்தான் நாம் அலட்சியமாக இருக்கிறோம்.

பெர்ரி சொன்ன பாடம்

தே தாரேக் குடிக்க உட்கார்ந்த கடையில், பெர்ரி இன்ஜின் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “பழைய பெர்ரி எல்லாம் போயிடுச்சே அங்கிள், வருத்தமா இல்லையா?” என்று கேட்டேன். “பெர்ரிய யாரும் வெச்சிருக்கலாம் தம்பி. ஓடணும்னா தினம் ஒருத்தன் எண்ணெய்க் கையோட கீழே நிக்கணும்” என்றார். தோழியின் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

இந்தக் கடலைக் கடக்கும் பெர்ரிச் சேவை 1894இல் தொடங்கியது. கார்களையும் மனிதர்களையும் ஏற்றிச் சென்ற பழைய இரட்டைத் தட்டுப் பெர்ரிகள் 2020 முடிவோடு அந்த வேலையிலிருந்து விலகின. இடையில் பயணிகளை வேகப் படகுகள் சுமந்தன. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய பெர்ரிகள் வந்தன. அவற்றில் மோட்டார் சைக்கிள் ஏறலாம், கார் ஏறாது. பழைய பெர்ரிகளில் ஒன்றான ‘பூலாவ் பினாங்’ தீவின் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பெர்ரி பத்திரமாக இருக்கிறது. கடலைக் கடக்கும் பழக்கத்தை உயிரோடு வைத்திருப்பவை புதிய பெர்ரிகள். இரண்டும் காப்பதுதான், ஆனால் ஒரே வேலை அல்ல.

நாம் தினமும் புழங்கும் மலாய் மொழியும் இந்த வேறுபாட்டை அறியும். காசைப் பெட்டியில் வைத்தால் ‘சிம்பான்’. குழந்தையைப் பார்த்துக்கொண்டால் ‘ஜாகா’. விழித்திருத்தல் என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொல் அது. காவலாளியை நம் பெரியவர்கள் ‘ஜாகா’ என்றே அழைப்பார்கள். வளர்த்துப் பேணினால் ‘பெலிஹாரா’. நாம் ‘பரிகாரம்’ என்று சொல்லும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் இரண்டு சொற்களைப் பிரித்து வைக்கிறது. ‘பெமெலிஹாராஆன்’ என்பது மேலும் சிதையாமல் தடுத்து நிறுத்துவது. ‘பெமுலிஹாராஆன்’ அதைவிட விரிந்தது. பழுது நீக்குவது, மீண்டும் கட்டுவது, புதிய பயனுக்கு ஏற்ப மாற்றுவது ஆகியவையும் அதில் அடங்கும். ‘பூலே’, அதாவது குணமாதல் என்ற மலாய்ச் சொல் அதற்குள் ஒலிக்கிறது.

கட்டடம் இருக்கிறது, ஆட்கள்?

சுமார் இருபது நிமிடக் கடல் பயணத்தில் ஜார்ஜ்டவுன் வந்துவிடும். சொல் வேறுபாடு அங்கே வாழ்க்கைப் பிரச்சினையாகவே தெரிகிறது. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கும் கடைவீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. வாடகை உயர, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து தொழில் செய்த பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது. சுவர்களும் ஓடுகளும் ஐந்தடி நடைபாதைகளும் காப்பாற்றப்பட்டன. பல கடைவீடுகளில் இன்று தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் நடக்கின்றன. கட்டடத்துக்குச் சட்டம் உண்டு. அதற்குள் இருந்த தையல்காரருக்கும் மளிகைக்காரருக்கும் அப்படி ஒரு காவல் இல்லை.

ஆனால் குவீன் ஸ்திரீட்டில் திரும்பினால் நிலைமை வேறு. அங்குள்ள மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. நம் கோயில் மரபில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவார்கள். கோபுரம் புது வண்ணம் பெறும், சுதைச் சிற்பங்கள் சீராகும். பழமையை அப்படியே நிறுத்தி வைக்க விரும்புகிறவர்களுக்கு இது உறுத்தலாம். பழைய வேலைப்பாடு புதுப்பூச்சில் மறைந்துவிடும் அபாயமும் உண்மைதான். என்றாலும், அந்தக் கோயிலில் இன்றும் விளக்கு எரிவதற்குக் காரணம் அங்கே தினமும் வரும் மனிதர்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் சூலியா சாலையின் நாகூர் தர்காவுக்கும் அதுவே பொருந்தும்.

சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கினேன். உப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய காய், மரத்தில் இருந்த காய் அல்ல. நிறமும் சுவையும் மாறியதால்தான் இத்தனை நாள் நிற்கிறது. மாறாமல் காப்பது என்று ஒன்று உண்டா என்பது சந்தேகமே.

தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பெட்டியில் இருப்பதை வைத்திருக்கிறோம், கண்ணாடிக்குள் இருப்பதைப் பாதுகாக்கிறோம், கை படுவதைப் பேணுகிறோம். தாத்தாவின் புகைப்படத்துக்கு முதல் சொல் போதும். வீட்டில் பேசும் தமிழுக்கு மூன்றாவது சொல்தான் வேண்டும். ஆண்டுக்கொரு விழா எடுத்தால் அது பாதுகாப்பு. பிள்ளை பள்ளியில் நடந்ததைத் தமிழில் சொல்ல, நாம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால் அது பேணல்.

அடுத்த முறை தீவுக்குப் போகும்போது காரை பட்டர்வொர்த்திலேயே விட்டுவிட்டு, பாகான் டாலாமில் ஒரு மணி நேரம் நடந்து, பிறகு பெர்ரி ஏறுங்கள். பெர்ரியைப் பேணுவதற்குப் பயணிகளால் முடிந்த வழி, அதில் ஏறுவதுதான்.