மூச்சும் மனச்சான்றும்

விளையாட்டைப் பொழுதுபோக்கென்று மட்டுமே கருதுவார் பலர். அது ஒழுக்கத்தின் பயிற்சிக்களமும் ஆகும் என்பதைச் சுந்தரபாண்டியபுரத்துச் சடுகுடுக் களமே எமக்கு உணர்த்திற்று.

சூரியகாந்தித் தோட்டங்களால் எம் ஊரை அறிந்தோர் இன்று மிகுதி. எமக்கோ, அறுவடை முடிந்த வயலில் சாம்பலால் கோடு கிழித்த ஆடுகளமே ஊரின் முகம். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்றது. இந்தியா தங்கம் வென்றது. 1994இல் ஹிரோசிமாவிலும் வென்றது. அவ்வணியில் ஆடிய மணத்தி கணேசன், பொருநை பாயும் எம் தென்பாண்டிச் சீமையின் சிற்றூரொன்றில் பிறந்தவர். அர்ச்சுனா விருது பெற்றவர். வயற்காட்டில் ஆடுவோர்க்கும் உலகில் இடமுண்டு என்ற நம்பிக்கை எம்போன்ற சிறுவர்க்கு அன்று பிறந்தது.

முறையான ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அணிக்கு எழுவர், ஒருமுறை பாடிச்செல்ல 30 விநாடி. எம் வயலில் கடிகாரம் ஏது? மூச்சே கடிகாரம். எதிரணியின் எல்லைக்குள் பாட்டு அறுந்தால் பாடிச் சென்றவர் வெளியேற வேண்டும். அறுந்ததை நடுவர் சில வேளை அறியார், பாடியவர் அறிவார்.

பதினான்கு வயதில், ஒரு தைத் திங்கள் மாலையில், பக்கத்து ஊர் அணியுடன் ஆடினோம். ஆட்டம் சமநிலையில் நின்றது. யாம் பாடிச் சென்று, அவர்தம் சிறந்த ஆட்டக்காரனைத் தொட்டுத் திரும்பினோம். தொடுமுன்னரே எம் மூச்சு அறுந்திருந்தது. ஊராரின் ஆரவாரத்தில் நடுவர் செவிக்கு அது எட்டவில்லை. அவன் வெளியேறினான், எம் அணி வென்றது. ஆட்டம் முடிந்ததும் அவன் அருகில் வந்தான். சண்டையிடவில்லை. "ஏல, பாட்டு நின்னது ஒனக்குத் தெரியும்லா" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தான். யாம் வாய் திறக்கவில்லை. இரவில் அத்தாவிடம் வெற்றிச் செய்தி சொல்லவும் நா எழவில்லை.

ஆண்டுகள் பல கடந்து ஆசிரியப் பணிக்கு வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், அகமதிப்பீட்டுப் பட்டியலை ஒப்படைத்த பின்னர், ஒரு மாணவியின் விடைத்தாளில் நான்கு மதிப்பெண் கூட்டலில் விடுபட்டிருக்கக் கண்டோம். அவர் கேட்கவில்லை, வேறெவரும் கவனிக்கவில்லை. பிழையை ஒப்புக்கொள்ள நாணமும் தடுத்தது. அப்போது அந்தப் பழைய வினா செவியில் ஒலித்தது. அன்றே திருத்தக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டோம். அம்மாணவியை அழைத்து வருத்தமும் தெரிவித்தோம்.

விடியலில் எழுதல், அடிபட்டும் மீண்டும் களம் புகுதல், தோழனுக்குத் தோள்கொடுத்தல் ஆகிய பண்புகளைச் சடுகுடு தந்தது உண்மை. எனினும், வென்ற ஆட்டங்களைவிட, வெல்லாமல் வென்ற அந்த ஓர் ஆட்டமே எம்மைப் பெரிதும் திருத்தியது. அந்நண்பனிடம் சொல்ல வேண்டிய விடை மட்டும் இன்னும் எம்மிடமே இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, களத்தில் இறங்கி ஆடுங்கள். பாட்டு அறுந்தால், நடுவர் சொல்லுமுன் நீங்களே கையுயர்த்தி வெளியேறுங்கள்.