இரண்டாம் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போயிருப்பீர்கள். கால் வைக்க இடமிருக்காது. பாடத்திற்காக நீரிழிவு பற்றிய கருத்தாய்வுத் தாள்களோடு நான் போனதும் அப்படியொரு மாலையில்தான். கேம்பல் லேன் முனையில் ஓர் அண்ணன் தாமாகவே வந்து நின்றார். புதுக்கோட்டைக்காரர்; பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே கட்டுமான வேலை.

“சுகர் பத்தியா தம்பி? எனக்கு இருக்கு, எழுதிக்குங்க.”

(என் பாட்டி அதை இனிப்புநீர் என்பார்.)

முதல் கேள்வி, இனம். ‘இந்தியர்’ என்று குறித்தேன். இரண்டாம் கேள்வி, குடிமகனா, நிரந்தரவாசியா? இரண்டும் இல்லையென்றால் நன்றி கூறி முடிக்கவும் என்று அச்சிட்டிருந்தது. நன்றி கூறினேன்.

“அவ்வளவுதானா?” என்றார்.

என் தாளோடு நிற்கும் குறையன்று அது. 2010 தேசியச் சுகாதார ஆய்வு இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது, சீனரில் 9.7. இதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் சோறு குறைந்தது. பிரான்சில் இப்படி இனவாரியாகக் கணக்கெடுக்கச் சட்டமே பெரிதும் தடையாக நிற்கிறது. நம்மிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த ‘இந்தியர்’ குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. 2020இல் இங்கிருந்த 5.69 மில்லியன் பேரில் ஏறத்தாழ 1.64 மில்லியன் பேர் இவ்விரண்டிலும் சேராதவர்கள்.

அவரை யாரும் எண்ணவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வேலை அனுமதிக்கான மருத்துவச் சோதனையில் காசநோய் பார்த்தார்கள், எச்.ஐ.வி. பார்த்தார்கள். 2020இல் கொவிட் பரவியபோது அன்றாட அறிக்கையில் ‘சமூகம்’ ஒரு வரி, ‘தங்கும் விடுதி’ இன்னொரு வரி. விடுதி ஊழியரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் சுகாதார அமைச்சு தெரிவித்தது. பிறருக்குத் தொற்றும் நோயென்றால் இவ்வளவு துல்லியமாக எண்ண முடிகிறது!

2022 ஏப்ரல் முதல் ஊழியர்களுக்கென அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கலாம், மாத்திரை கிடைக்கும். நம் விழுக்காட்டுக்குள் மட்டும் அவர் வரமாட்டார். திடமான உடம்போடு வருகிறார்கள். நோயோடு திரும்பினால், ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டில் அது புதுக்கோட்டை நோயாகிவிடுகிறது.

அண்ணன் நகரவில்லை. தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். நோய் தெரிந்தது வந்த எட்டாவது வருடம். விடியுமுன் வரும் பொட்டலச் சோறுதான் மதியத்துக்கும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

“இதை எங்க கொடுப்பீங்க தம்பி?”

பின்பக்கத்தைப் பதிவு செய்யக் கணினியில் கட்டம் இல்லை. அந்தத் தாள் என் கோப்பில்தான் இருக்கிறது.