பாலுந் தவிர்த்தார் பயணம்

புலால் விலக்கல் எம்மவர்க்குப் புதியதோர் ஒழுக்கமன்று. திருக்குறளின் 26 ஆம் அதிகாரம் புலான் மறுத்தலையே பொருளாகக் கொண்டது. ஆயின், பால், தயிர், நெய் என்பனவற்றையுஞ் சேர விலக்குவோர் எம்மிடையே மிகச் சிலரே. இவ்வொழுக்கத்தினர்க்கு 1944 இல் இங்கிலாந்திலே 'வீகன்' என்னும் பெயர் வகுக்கப்பட்டது. கன்றைக் கட்டிவைத்துத் தாயைக் கறக்குங் காட்சி பொறாது, யாமும் 2014 முதல் இந்நெறி நின்று வருகின்றோம். இல்லத்திலே இஃது எளிது. பயணத்திலேதான் இடர் தோன்றும்.

2016 இல் மாணவர் சிலரைப் பேச்சுப் போட்டிக்காகக் கண்டிக்கு அழைத்துச் சென்றோம். அங்கு வாழும் பழைய மாணவர் ஒருவர் எம்மைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார். ஆசிரியர் சைவ உணவினர் என அறிந்த அவர்தம் அன்னையார், பருப்புக்கு நெய் வார்த்து, மோர்க்குழம்புந் தயிரும் பாற்பாயசமும் ஆக்கி வைத்திருந்தார். இலைமுன் அமர்ந்த பின்னரே யாம் வாய் திறந்தோம்: "பால் படாதது எது, அம்மா?"

அம்மையார் முகம் வாடிற்று. "முந்தியே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் தேங்காய்ப்பாலிலை காய்ச்சியிருப்பனே, மாஸ்ரர்" என்றார். யாம் சோற்றையும் வாழைக்காய்ப் பொரியலையும் உண்டு எழுந்தோம். அன்று பகல் அவர் உண்டிலர் எனப் பின்னர் அறிந்தோம். உயிர்க்கு ஊறு செய்யாமை வேண்டி நோன்பு பூண்ட யாமே, அன்போடு சமைத்த ஒருவரை வருத்தினோம். பிழை எம்முடையதே.

அதன்பின் யாம் கைக்கொண்டொழுகும் சிலவற்றை, வெளியூர் செல்லும் மாணவர்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டுத் தருகின்றோம்.

விருந்துக்குச் செல்வதாயின் முன்னரே அறிவித்தல் வேண்டும். உண்ணாதவற்றை அடுக்கிக் கூறுவதினும், "சோறும் பருப்பும் ஒரு கீரையும் போதும்" என உண்பவற்றைக் கூறுதல் நன்று, சமைப்பவர் கலங்கார்.

வழிக்குப் புளிச்சாதத்தை வாட்டிய வாழையிலையிற் கட்டிக்கொள்க. தேங்காய்ச் சம்பலும் தேங்காய்ப்பாற் கறியும் வெயிலில் விரைவிற் கெடும். புழுக்கொடியல், எள்ளுருண்டை, வறுத்த கச்சான் என்பன பல நாள் தாங்கும்.

தென்னிலங்கைக் கடைகளில் மரக்கறி என்று தருவனவற்றிலும் மாசி கலந்திருக்கக்கூடும். சீனிச்சம்பல், கட்டைச்சம்பல் ஆகியவற்றில் அது வழக்கமாகச் சேர்வது. பருப்புக்கறியிலும் சிலர் இடுவர். 'உம்பலகட எப்பா' என்னும் இரு சிங்களச் சொற்களையேனும் கற்றுக்கொள்க. பெயர் கேட்டு அஞ்சுதலும் வேண்டா: கிரிபத் எனப்படும் பாற்சோறு தேங்காய்ப்பாலில் ஆவதே. சைவக் கடைகளிலோ மீன் பற்றிய ஐயமில்லை. ஆயின் தோசைக்கு வார்ப்பது நெய்யோ நல்லெண்ணெயோ எனக் கேட்டறிதல் வேண்டும். தேநீரைப் 'பிளேன்ரீ' எனவே கேட்டு வாங்குக.

இத்தனை முயன்றும் ஒவ்வாதது இலைக்கு வருமாயின், பேசாது ஒருபுறம் ஒதுக்கி, ஏற்றவற்றை மகிழ்வோடு உண்க. இலைமுன் இருந்து வினாவுதல் சமைத்தவரைக் கூண்டில் ஏற்றுவதாகும். நோன்பு எம்முடையது, அதன் சுமையை யாமே தாங்கல் முறை.

2017 இல் மீண்டுங் கண்டிக்குச் சென்றபோது, நான்கு நாள் முன்னரே அவ்வில்லத்துக்கு அறிவித்தோம். சவ்வரிசியும் பயறுமிட்டுத் தேங்காய்ப்பாலிற் காய்ச்சிய பாயசத்தோடு அம்மையார் வாயிலிலேயே காத்திருந்தார். யாம் இருமுறை வாங்கி உண்டோம். அன்று அவரும் எம்முடன் அமர்ந்து உண்டார்.

கற்ற நெறியைப் பிறர் மனம் நோவாது காக்கும் மாணவரைப் பெற்று, எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!