கடைசி சைக்கிள்

நிதி திரட்டும் சைக்கிள் பயணங்களில் எனக்குப் பிடித்த இடம் கடைசி இடம். 'ஸ்வீப்' என்போம். எவரையும் முந்தக் கூடாது. மேலே போய்ச் சேரும்போது எனக்குப் பின்னால் யாரும் மிச்சம் இருக்கக் கூடாது. சமவெளியில் இது சும்மா வேலை. கொல்லிமலை போன்ற மலையில்தான் இதன் நுணுக்கம் தெரியும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. எங்கள் வசூலே அந்தப் பலகைகளை நம்பித்தான். டயாலிசிஸ் நோயாளிகள் வாரம் இரண்டு மூன்று தடவை மருத்துவமனைக்கு வந்துபோகும் செலவுக்காக, 'ஒரு வளைவுக்கு இவ்வளவு' என்று ஓட்ட வருகிறவர்கள் சொந்தக்காரர்களிடமும் அலுவலகத்திலும் பேசிவைத்துவிட்டு வருவார்கள். நாற்பதாவது வளைவில் ஒருவர் இறங்கிவிட்டால் மீதி முப்பதின் காசை யாரும் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஓட்டுகிறவரின் மனசு அதை ஏற்காது. பலகையைப் பார்ப்பார், கழித்துப் பார்ப்பார், கால் தளர்ந்துவிடும். மலையில் பலரையும் இறக்கிவிடுவது இந்தக் கழித்தல் கணக்குதான் என்பது என் எண்ணம்.

கணக்கை மறக்கடிக்கச் சாலையையே காட்டுவேன். மேலே ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் மாட்டுவோம். சரிவு அங்கேதான் செங்குத்து. வலப்பக்கம் திரும்பினால் வெளிவட்டம். தூரம் கூடும், ஏற்றம் குறையும். ஆகவே இடது வளைவில் எதிரே வண்டி இல்லையென்றால் கொஞ்சம் அகலமாகப் போகலாம். பஸ் வருகிறதா என்பதைக் கண்ணைவிடக் காது முன்னதாகச் சொல்லிவிடும்: ஹாரன், பிறகு டிரைவர் கியரைக் குறைக்கும் உறுமல். அந்தச் சத்தம் கேட்டால் ஓரம் கட்டி நின்றுவிட வேண்டும், பேச்சே இல்லை. வளைவின் முழு அகலமும் அப்போது பஸ்ஸுக்குத்தான்.

அடுத்தது கியர். முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் என்றால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அந்த வேகத்தில் பேசிக்கொண்டே போக முடியும். பேச முடிகிறவரை ஆபத்தில்லை. பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினால் நிறுத்தித் தண்ணீர் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

போன முறை கடைசியில் வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு வங்கி ஊழியர். பாதி மலையில் சொன்னார்: "நீங்க முன்னால போங்க தம்பி, நான் மெதுவா வந்துக்கறேன்."

"எனக்கும் மேல ஒண்ணும் அவசர ஜோலி இல்லக்கா."

"என்னால உங்களுக்கும் லேட்டு."

"மேல போனா செம்மேட்டுல ஓரி சிலை முன்னால போட்டோ எடுக்கச் சொல்லுவாங்க. லேட்டா போறதே நல்லது."

சிரித்தார். சிரிப்பு வந்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். அவருக்குப் பக்கத்தில் போகாமல், சில சைக்கிள் நீளம் பின்னால், அவர் காதில் என் செயின் சத்தம் விழாத தூரத்தில் நான் வர வேண்டும். பக்கத்தில் போனால் தன்னையறியாமல் வேகம் கூட்டுவார், இரண்டு வளைவில் தீர்ந்துவிடுவார். அவர் ஐந்து கிலோமீட்டருக்கு இறங்கினால் நானும் ஐந்து. அந்த வேகத்தில் முன்சக்கரம் அலையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் இன்னும் அலையும். விரல்களைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைத்து, பின்பிரேக்கை லேசாகத் தொட்டபடியே மிதித்தால் சைக்கிள் நேராக நிற்கும்.

சாப்பாட்டில் கறாராக இருப்பேன். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்கச் சுமார் 83 கிலோஜூல் வேண்டும். உடல் எரிப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும். மீதி வேர்வையும் சூடும். அப்படியானால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 80 கலோரி, ஒன்றரை இட்லி. பசித்தபின் சாப்பிட்டால் பலன் அடுத்த பத்து வளைவுக்குக் கிடைக்காது. கடலைமிட்டாய் பாதியாக உடைத்து ஜெர்சிப் பையில் இருக்கும், கேட்காமலே நீட்டுவேன்.

இறக்கத்தில் என் வேலை இன்னும் கூடும். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி இப்போது பிரேக்கில் சூடாக மாற வேண்டும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். சாய்ந்தபின் அழுத்தினால் டயர் பிடியை விட்டுவிடும். விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் பிரேக் கொதிக்கும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வர வேண்டும். கை வலிக்கிறவர்களை ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி விரல்களை உதறச் சொல்வேன். அக்கா அன்று இறங்கும்போது மூன்று இளவட்டங்களுக்கு முன்னால் காரவள்ளி வந்துவிட்டார். அவர்கள் வேகமாக வந்து வளைவில் பயந்தவர்கள். அவர் எங்கும் பயப்படவில்லை.

ஸ்வீப் வேலை கேட்டு இப்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். தொடைபெருத்த பையன்கள், மலையை ஒரே மூச்சில் ஏறக்கூடியவர்கள். பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்களே, அதையே நானும் வைக்கிறேன்: கால் ஊன்றாமல் 50 மீட்டர், கடைசியாக வருகிறவருக்கு வேலை. பாதிப் பேர் பத்து மீட்டரிலேயே காலை ஊன்றிவிட்டு, "இதுக்கும் மலைக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்கிறார்கள். அவர்களை முன்வரிசையில், வழிகாட்டும் வண்டிக்குப் பின்னால் போட்டுவிடுகிறேன்.