மச்சினன் இருமலும் ஒரு நீல டிரம்மும்

எங்க பழைய மாட்டுக்கொட்டகையில இப்போ மாடு கட்டறதில்லைங்க. திருப்பூர் பக்கம் மரவேலை பார்த்துக்கிட்டிருந்த என் மச்சினன், போன வருஷம் ஊருக்கே வந்து அங்க தச்சுப்பட்டறை போட்டிருக்கான். கதவு, ஜன்னல், கட்டில், டவுன்காரங்க கேக்கற பிளைவுட் அலமாரின்னு வேலைக்குக் குறைவில்லை. மரத்தூளுக்கும் குறைவில்லை.

ஆறு மாசத்துல காலை இருமல் அவனுக்கு அலாரம் மாதிரி ஆயிடுச்சு. வீட்டம்மா விடலை, "தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரே பிடி. டாக்டர் முதல்ல கேட்டதே "என்ன வேலை பார்க்கறீங்க?" பதிலைக் கேட்டுட்டு, "தூளைக் குறைக்காம மருந்து மட்டும் சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை"ன்னுட்டார்.

வீட்டுக்கு வந்து படிச்சுப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் சேர்த்திருக்கு. கண்ணுக்குத் தெரியற தூள் கீழே விழுந்துடும், கூட்டி அள்ளிடலாம். 10 மைக்ரானுக்கும் கீழே இருக்கிற பொடிதான் மூக்கைத் தாண்டி உள்ளே போகுது. நம்ம தலைமுடியோட தடிமனே சுமார் 70 மைக்ரான்னா பார்த்துக்கங்க.

ஒரு வேக்கூம் கிளீனர் வாங்கி ரம்ப மெஷினோட மாட்டினோம். பத்து நிமிஷத்துல ஃபில்டர் அடைச்சு இழுவை போயிடுச்சு. தட்டி மாட்டினா மறுபடி பத்து நிமிஷம். தட்டும்போது பறக்கறதும் அவன் மூஞ்சியிலதான்.

வழி எங்க கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ரைஸ் மில் கூரை மேல தகரக் கூம்பு ஒண்ணு நிக்கும், பார்த்திருப்பீங்க. உமியோட வர்ற காத்து அதுக்குள்ள சுத்தும். கனமானது சுவரோரமா ஒதுங்கிக் கீழே இறங்கிடும், காத்து நடுவுல மேலே போயிடும். அதே மாதிரி சின்ன பிளாஸ்டிக் கூம்பு ஆன்லைன்ல கிடைச்சுது. அதை வேக்கூமுக்கு முன்னாடி வெச்சா தூள் முக்கால்வாசிக்கு மேல கூம்புலயே விழுந்துடும். விழறதுக்கு அடியில ஒரு தொட்டி வேணும், அவ்வளவுதான்.

"தொட்டிதானே மாமா"ன்னு 15 கிலோ எண்ணெய் டின்னை எடுத்து மாட்டினான். அரை மணி நேரம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் குழாய் வாயில ஒரு பாலித்தீன் பை ஒட்டி அடைச்சதும் 'டம்'னு ஒரு சத்தம். யாரோ மிதிச்ச மாதிரி டின் நாலு பக்கமும் நசுங்கிக் கிடந்துச்சு. உள்ளே காத்தை உறிஞ்சினா வெளிக்காத்து இப்படி அமுக்கும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அடுத்து, நான் பஞ்சகவ்யத்துக்கு வெச்சிருந்த 60 லிட்டர் நீல டிரம்மை எடுத்தோம். மூணு நாள் கழுவி வெயில்ல காயவெச்சும் வாசனை போகலைங்க, அது வேற கதை. தடிமனான பிளாஸ்டிக், உருண்டை வடிவம், இரும்பு வளையம் போட்டு இறுக்கற மூடி. இருந்தாலும் சந்தேகத்துக்கு உள்பக்கம் ரெண்டு மர வளையம் அவனே இழைச்சு அண்டக் கொடுத்தான்.

அப்பவும் ஃபில்டர்ல தூள் வந்துட்டே இருந்துச்சு. டிரம்மைக் காலி பண்ணிட்டு, மெஷினை ஓடவிட்டு, ஊதுபத்தியை மூடியோரமா சுத்திக் காட்டினேன். ஒரு இடத்துல புகை உள்ளே இழுத்துச்சு. அடித்தொட்டியில ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அது வழியா நுழையற காத்து, விழுந்த தூளையே மறுபடி மேலே தூக்கிட்டுப் போயிடும். பழைய சைக்கிள் ட்யூபை அறுத்து மூடிக்கும் விளிம்புக்கும் நடுவுல வெச்சோம். அதோட நின்னுது.

இன்னொண்ணும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். டிரம் நிறைய விடக்கூடாது. முக்கால் அளவைத் தாண்டினா சுழல் காத்து தொட்டு மொத்தத்தையும் ஃபில்டருக்கு அனுப்பிடும். அதனால தினம் சாயங்காலம் காலி பண்றான், வாயில மாஸ்க்கோட. ஆணியில ரம்பம் பட்டா பொறி பறக்கும், ராத்திரி தூளோட டிரம்மை வெச்சிருக்கறது ஆபத்தும்கூட.

கொட்டற தூள் எங்கே போகுதுன்னு கேப்பீங்க. வேம்பு, தேக்குத் தூளைச் சாணத்தோட கலந்து மக்க விடறேன். அவசரப்பட்டு ஒருதடவை பச்சையாவே கத்தரிக்குப் போட்டு, இலையெல்லாம் மஞ்சளாகி நின்னதைப் பார்த்தேன். மக்கறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தைத் தூள் பிடிச்சுக்கும். பிளைவுட் தூள்ல பசை இருக்கு, அதை வயலுக்கோ மாட்டுக்கோ விடறதே இல்லை, தனி மூட்டை.

இருமல் குறைஞ்சிருக்கு, முழுசாப் போகலை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது டிரம் கூட எல்லாத்தையும் பிடிக்காது, மாஸ்க் கட்டாயம். அதுக்கு ஆறு மாசம் சண்டை போட வேண்டியிருந்துச்சு. "மூச்சு முட்டுது மாமா"ம்பான். "இல்லாட்டியும் முட்டத்தான் போகுது மாப்ளே"ன்னேன். இப்போ அவனே மாட்டிக்கறான்.

உங்க ஃபிளாட்ல அலமாரி வேலை நடக்கும்போது ஹால்ல ஒருத்தர் பிளைவுட் அறுத்துட்டிருப்பார். மூக்குல கர்ச்சீப்தான் கட்டியிருப்பார், அந்தப் பொடிக்கு அது ஜல்லடை மாதிரி. தூள் சோபாவுல படியுதேன்னு நாம அவர்கிட்ட கோவிச்சுக்குவோம். டீ கொடுக்கும்போது நாலு என்95 மாஸ்க்கும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்க. ஜன்னலைத் திறந்து வெச்சு, முடிஞ்சா பால்கனியில அறுக்கச் சொல்லுங்க.